செல்ஃப் எடுக்கவில்லையா? சேலம் வெயிலும் ஏற்காட்டுக் குளிரும் கார் பேட்டரியும்

சேலத்துக் காரின் பேட்டரி கெடுவது பங்குனி, சித்திரை வெயிலில். கெட்டது தெரிவதோ மார்கழியில், ஏற்காட்டில் ஓர் இரவு நிறுத்திவிட்டு விடியற்காலையில் சாவியைத் திருப்பும்போது. "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது, குளிரில் போய்விட்டது" என்று குளிர்மேல் பழி போடுகிறோம். வேலையைக் காட்டியது வெயில். குளிர் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகடுகளின் சட்டத்தை அரிப்பது வெப்பம். பத்து டிகிரி கூடினால் அரிப்பின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். மே மாதம் வெளியே 38, 40 டிகிரி என்றால், ஐந்து ரோட்டு நெரிசலில் நின்று நின்று நகரும் காரின் பானெட்டுக்குள் 60 டிகிரியைத் தாண்டிவிடும். உள்ளே தண்ணீர் வற்றுகிறது, தகட்டுப் பசை உதிர்கிறது. ஆனால் வெயிலில் எஞ்சின் ஆயில் இளகி இருப்பதால் சுழற்ற அதிக பலம் வேண்டாம். பாதி உயிர் போன பேட்டரியும் செல்ஃப் எடுத்துவிடும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தைவிட எட்டு டிகிரி போலக் குறைவு, குளிர்கால இரவில் இன்னும் இறங்கும். அங்கே ஆயில் கெட்டிப்படும், பேட்டரியின் வேதி வேகமும் குறையும். ஒரே நேரத்தில் தேவை கூடி, கையிருப்பு குறைகிறது. அதனால் மலைக்குக் கிளம்பும் முன் கீழேயே சோதித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். எப்படிச் சோதிப்பது என்பதைப் பின்னால் பார்ப்போம். முதலில், இப்போதே வண்டி கிளம்பாமல் நிற்பவர்களுக்கு.

சத்தத்தைக் கவனியுங்கள்

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

"டக டக டக" என்று வேகமாகத் துடித்து, வெளிச்சமும் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு "டக்", வெளிச்சம் மட்டும் பளிச்சென்று அப்படியே நின்றால் செல்ஃப் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும். உள்ளே பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் சாலினாய்டின் காண்டாக்ட் கருகியிருக்கும். ஸ்பேனர் கைப்பிடியால் மோட்டாரின் உடலை மெதுவாகத் தட்டிக்கொண்டே ஸ்டார்ட் செய்து எடுத்துவிட்டால் பிரஷ்தான். அன்றைக்கே மாற்ற ஏற்பாடு செய்யுங்கள், அடுத்த முறை தட்டினாலும் எடுக்காது. ஒரே "டக்", அதோடு டேஷ்போர்டு முழுக்க அணைந்துபோனால் பெரும்பாலும் டெர்மினல் தளர்ந்திருக்கிறது.

சத்தமே இல்லை, லைட் மட்டும் நன்றாக எரிகிறது என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். கிளட்சை முழுக்க மிதித்தீர்களா, ஆட்டோமேடிக் என்றால் கியர் 'பி' அல்லது 'என்'-இல் இருக்கிறதா, டேஷ்போர்டில் சாவி விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். சாவி விளக்கு மினுக்கினால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பல நேரம் ரிமோட்டுக்குள் இருக்கும் சின்ன பேட்டரிதான் தீர்ந்திருக்கும். ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டன்மீது ஒட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் எடுத்துக்கொள்ளும்.

எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை என்றால் பேட்டரி நிரபராதி. மேலும் மேலும் செல்ஃப் அடித்து அதையும் தீர்த்துவிடாதீர்கள்.

ஜம்பர் கேபிளைத் தேடும் முன் ஒரு நிமிட வேலை: இரண்டு டெர்மினலையும் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் 10 எம்எம் ஸ்பேனரால் இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும்.

ஜம்பர் கேபிள் போடுவது

முதலில் கேபிளைப் பற்றி. கடையில் தடியாகத் தெரிவது ரப்பர் உறையாகவும் இருக்கலாம். உள்ளே செம்பு எவ்வளவு என்பதுதான் கணக்கு. பெட்ரோல் காருக்கு 16 சதுர மில்லிமீட்டர், டீசல் காருக்கு 25 சதுர மில்லிமீட்டர் தேவை. மெலிந்த கேபிள் போட்டால் கேபிள் சூடாகும், செல்ஃப் எடுக்காது. "ஜம்ப் பண்ணியும் வரலையே" என்று நல்ல பேட்டரியையே மாற்றியவர்கள் உண்டு.

அடுத்தது, யாரிடம் சார்ஜ் வாங்குவது. நம் சாலைகளில் உதவிக்கு முதலில் நிற்பவர் லாரி ஓட்டுநர். ஆனால் பெரிய லாரியிலும் பஸ்ஸிலும் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அது 12 வோல்ட் காரில் பாய்ந்தால் ஈசியு என்னும் எஞ்சின் கம்ப்யூட்டர், மியூசிக் சிஸ்டம், பல்புகள் எல்லாம் போய்விடும். அன்போடு மறுத்துவிட்டு இன்னொரு காரையோ, 12 வோல்ட் சின்ன சரக்கு வண்டியையோ கேளுங்கள்.

இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டும் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை அணைத்த நிலையில் இருக்கட்டும். மலைச்சாலை என்றால் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுங்கள். மோதிரம், வளையல், இரும்புக் கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டிய மோதிரம் ஒரு விநாடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். பேட்டரி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டு ஆசிட் கசிந்தாலோ கேபிள் போடவே வேண்டாம்.

1. சிவப்புக் கேபிளின் ஒரு முனை, செத்த பேட்டரியின் பிளஸ்ஸில்.
2. அதன் மறுமுனை, நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில்.
3. கறுப்புக் கேபிளின் ஒரு முனை, நல்ல பேட்டரியின் மைனஸில்.
4. கறுப்பின் கடைசி முனை, செத்த வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத கெட்டியான இரும்பில். எஞ்சினைத் தூக்கும் கொக்கி அல்லது பெரிய போல்ட் சரியான இடம்.

நான்காவதைப் பேட்டரி மைனஸிலேயே போட்டால் என்ன என்று கேட்பார்கள். கடைசி முனை தொடும்போது பொறி பறக்கும். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்க வாய்ப்புண்டு. அது பற்றினால் பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். அதனால்தான் பொறியைத் தள்ளி வைக்கிறோம். ஆயுத பூஜையன்று பானெட்டைத் திறந்து பேட்டரிக்குப் பக்கத்தில் கற்பூரம் காட்ட வேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான்.

நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு செத்த வண்டியில் செல்ஃப் அடியுங்கள், ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். எடுக்கவில்லை என்றால் ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி. மூன்று நான்கு முறையிலும் நடக்கவில்லை என்றால் கேபிள் கவ்விய இடங்களை நறநறவென்று அசைத்து, இரும்போடு இரும்பு நன்றாகப் பிடிக்கச் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஏசி புளோயரை முழு வேகத்தில் போட்டுவிட்டு, போட்டதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள்: நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. புளோயர் ஓடும்போது, கேபிளை எடுக்கும் கணத்தில் எகிறும் வோல்டேஜை அது கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ளும்.

பேட்டரி முழுக்கச் செத்து ரிமோட்டில் கதவே திறக்கவில்லை என்றால் பதறாதீர்கள். ரிமோட்டுக்குள் ஓர் இரும்புச் சாவி செருகியிருக்கும். ஓட்டுநர் பக்கக் கைப்பிடியில், சில வண்டிகளில் மூடிக்குப் பின்னால், அதற்கான துவாரம் இருக்கும்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும், அதுவும் பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால். டேஷ்போர்டு விளக்கே எரியாத வண்டியைத் தள்ளினால் பயனில்லை. பெட்ரோல் பம்புக்கும் ஈசியுவுக்கும் கரண்ட் வேண்டும். சாவியை ஆனில் வைத்து, கிளட்ச் மிதித்து, இரண்டாம் கியரில் போட்டு, ஓட்டமாக நடக்கும் வேகம் வந்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டு, எடுத்த உடனே மறுபடி மிதியுங்கள். முதல் கியர் வேண்டாம், சக்கரம் பிடித்து உதறும்.

ஏற்காட்டில் சரிவு தாராளமாக இருக்கிறது என்பதால் மலைச்சாலையிலேயே உருட்டிவிட்டு எடுக்கத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். அடிவாரத்தில் தொடங்கும் அந்தப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். எஞ்சின் ஓடாதபோது பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் இல்லை. சாவியை எடுத்திருந்தால் ஸ்டியரிங் பூட்டியே கொள்ளும். ஏற்காடு ஊருக்குள் ஒண்டிக்கடை பக்கம் சமதரையில் நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுவது நல்லது.

ஸ்டார்ட் ஆன பிறகு

பத்து நிமிடம் ஓட்டி வீட்டில் நிறுத்திவிட்டு மறுநாள் மறுபடி செத்துப்போவதுதான் வழக்கம். ஆல்டர்னேட்டர், பழைய ஆட்கள் டைனமோ என்பது, ஓடும் செலவை ஈடுகட்டத்தான் செய்யப்பட்டது. காலியான பேட்டரியை நிரப்புவது அதன் வேலை இல்லை. ஐடிலில் நிறுத்தி வைப்பதால் கிடைப்பது மிகக் குறைவு. முக்கால் மணி நேரமாவது நடுத்தர வேகத்தில் ஓட்டுங்கள், பிறகு பேட்டரிக் கடையில் கொடுத்து மெதுவாக சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் ஏஎச் (ஆம்பியர்-மணி) அளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட்: 35 ஏஎச் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். அவசரத்துக்கு 15, 20 ஆம்பியர் வைத்து இரண்டு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தகடு சூடாகி வளையும்.

மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள்

சில நூறு ரூபாய்க்கு எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். இதைவிடப் பணத்தை மிச்சப்படுத்தும் கருவி கார்க்காரனுக்கு வேறில்லை. 20 வோல்ட் டிசியில் வைத்து, இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் அல்லது மேலே என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான். 10.5 பக்கம் காட்டி, சார்ஜ் ஏற்றினாலும் அங்கேயே நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் 12.6 காட்டுவதாலேயே பேட்டரி நல்லது என்று ஆகாது. செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் கையிருப்பு இல்லை. சேலத்தில் 9.6-ஐத் தொட்டுக்கொண்டு எடுக்கும் பேட்டரி, ஏற்காட்டுக் காலையில் எடுக்காது. மலைக்கு முந்தைய நாள் செய்யவேண்டிய சோதனை இது.

எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏசி, புளோயர் எல்லாம் போட்டு 2,000 ஆர்பிஎம்மில் வைத்தாலும் 13.5-க்குக் கீழே போகக் கூடாது. 13-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜே ஆகவில்லை. 15-க்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது, அழுகிய முட்டை வாடை அடிக்கும். புதிய வண்டிகள் சிலவற்றில் எரிபொருள் மிச்சத்துக்காக ஆல்டர்னேட்டரை கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும். அவற்றில் சிறிது நேரம் 12.6 காட்டினால் பழுது என்று முடிவு செய்யாதீர்கள், பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்திலும் ஏறுகிறதா என்று பாருங்கள்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, "வண்டி நிக்கலை, டைனமோ நல்லா இருக்கு" என்று சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஈசியு இல்லாத அம்பாசடர் காலத்தில் தப்பித்திருக்கலாம். இன்றைய காரில் பேட்டரி விலகிய கணத்தில் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். ஈசியு போனால் புதிய பேட்டரியின் விலையைப்போலப் பல மடங்கு செலவு. யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

மீட்டரால் இன்னொரு சோதனை, பலர் செய்யாதது. ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் முளையிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது. ஏற்காட்டு ஈரத்தில் வருடக்கணக்கில் நிற்கும் எஸ்டேட் வண்டிகளில் இது சாதாரணம். போல்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்து மாட்டினால் போதும். செல்ஃப் மந்தம், லைட் மங்கல், ஹார்ன் கரகரப்பு எல்லாம் ஒரே நாளில் போகும்.

மலையில் பேட்டரி விளக்கு எரிந்தால்

ஓடும்போது சிவப்புப் பேட்டரி விளக்கு வந்தால் சார்ஜ் நின்றுவிட்டது என்று பொருள். உடனே டெம்பரேச்சரைப் பாருங்கள். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. பெல்ட் அறுந்து ஏற்றத்தில் ஓட்டினால் சில நிமிடத்தில் எஞ்சின் கொதித்து ஹெட் வளைந்துவிடும். முள் ஏறினால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். பெல்ட் நன்றாக இருந்து, முள்ளும் ஏறவில்லை என்றால் ஏசி, பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எஞ்சினை மட்டும் அணைக்காமல் பக்கத்து ஊர் வரை போகலாம். பகலில் நேரம் கிடைக்கும். ஹெட்லைட் இரண்டும் மட்டுமே 9 ஆம்பியர் தின்னும் என்பதால் இரவில் நம்பி இறங்காதீர்கள். வோல்டேஜ் இறங்க இறங்க எலக்ட்ரிக் ஸ்டியரிங் கனக்கும். வளைவின் நடுவில் அது நடப்பது ஆபத்து.

நிற்கும்போதே தீர்ந்தால்

நல்ல பேட்டரி, நல்ல ஆல்டர்னேட்டர், ஆனாலும் மூன்று நாள் நிறுத்தினால் செத்துவிடுகிறது. இது கசிவு. அணைத்த காரும் கொஞ்சம் கரண்ட் எடுக்கும், 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் சரி. அந்த 50-ஏ ஒரு நாளைக்கு 1.2 ஏஎச். பதினைந்து நாளில் 35 ஏஎச் பேட்டரி பாதியாகும். டிக்கி விளக்கு 5 வாட் அணையாமல் எரிந்தால் ஒரு நாளைக்கு 10 ஏஎச், மூன்று நாளில் கதை முடிந்தது.

அளப்பதற்கு: மீட்டரை 10 ஆம்பியர் துவாரத்துக்கு மாற்றுங்கள். ஒரு கதவின் பூட்டு நாக்கை ஸ்குரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி வையுங்கள், பானெட்டையும் திறந்தே வையுங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும், வண்டி தானாகப் பூட்டிக்கொள்ளலாம். மைனஸ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முளைக்கும் நடுவில் மீட்டரைப் போடுங்கள். முதலில் ஆம்பியர் கணக்கில் காட்டும், பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டர்கள் தூங்க அரை மணி நேரம் கொடுங்கள். பிறகும் 50-க்கு மேல் நின்றால் பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதை எடுத்ததும் எண் சட்டென்று விழுகிறதோ அந்த லைனில்தான் திருடன். மீட்டர் நடுவில் இருக்கும்போது கதவைத் திறக்கவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும். எந்தப் பியூஸிலும் சிக்கவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடைச் சந்தேகியுங்கள்.

பெரும்பாலும் சிக்குவது கம்பெனி போட்டது அல்ல, நாம் போட்டது: டேஷ்கேம், ஜிபிஎஸ், வெளியே வாங்கிய மியூசிக் சிஸ்டம், பனி விளக்கு.

பனி விளக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏற்காட்டுப் பனிக்காகப் போடுவது நியாயமானதுதான். ஆனால் ஹெட்லைட் வயரைக் கீறி முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். 55 வாட் இரண்டு என்றால் 9 ஆம்பியருக்கு மேல். அந்த வயர் அதற்குச் செய்யப்படவில்லை, சுவிட்ச் உருகும். சரியான முறை இது: பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் பியூஸ், அங்கிருந்து ரிலேயின் (சின்ன கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) 30-ஆம் பின். 87-இலிருந்து விளக்குக்கு. 85 எர்த். 86-க்கு டேஷ்போர்டு சுவிட்ச், அந்த சுவிட்சுக்கான கரண்டை பார்க்கிங் லைட் லைனிலிருந்து எடுங்கள். அப்போது லைட்டை அணைத்தால் பனி விளக்கும் தானாக அணையும், மறந்து இறங்க முடியாது.

பியூஸ் போனால் அதே நிறத்தில் மாற்றுங்கள்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. 10 போட வேண்டிய இடத்தில் 20 போட்டாலோ சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றினாலோ, அடுத்து எரிவது வயர். காப்பித் தோட்டத்துப் பக்கம் நிறுத்தும் வண்டியில் பியூஸ் அடிக்கடி போனால் எலி கடித்த வயரைத் தேடுங்கள். காற்று வடிகட்டிப் பெட்டிக்கு அருகிலும் பானெட் அடி மெத்தையிலும் அதன் கூடு இருக்கும்.

தண்ணீரும் டெர்மினலும்

மூடி திறக்கும் பேட்டரி என்றால் வெயில் மாதங்களில் மாதம் ஒரு முறை பாருங்கள். தண்ணீர் மட்டம் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில், தகடுகள் முழுக்க மூழ்கி இருக்க வேண்டும். ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர் தண்ணீர், மேட்டூர்த் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர், ஏசியில் சொட்டும் தண்ணீர் எதுவும் வேண்டாம். அதில் இருக்கும் உப்பும் உலோகமும் தகட்டிலேயே தங்கிவிடும். ஆசிட் ஊற்றவே கூடாது. வற்றியது தண்ணீர் மட்டும்தான். சார்ஜ் ஏற்றிய பிறகு நிரப்புங்கள், முன்னால் நிரப்பினால் பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றிவிட்டு சார்ஜ் ஏற்றலாம்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து ஊற்றுங்கள், நுரைத்து அடங்கும். அந்தக் கரைசல் மூடித் துவாரம் வழியாக உள்ளே போகக் கூடாது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இதைத் தலைகீழாகச் செய்தால் பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும். கம்பி பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். ஆசிட் கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு நேராக மருத்துவமனைக்கு.

மாற்றும்போது

சேலத்து வெயிலில் மூன்று, நான்கு வருடம் உழைத்தால் அது நன்றாக உழைத்த பேட்டரி. புதிது வாங்கும்போது ஏஎச் மட்டும் பார்க்காமல், பிளஸ் எந்தப் பக்கம், முளை தடியா மெல்லியதா என்று பழையதோடு ஒப்பிடுங்கள். சிக்னலில் தானாக அணைந்து எழும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கு அதற்கென்றே செய்த ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகைதான் வேண்டும், சாதாரணம் போட்டால் சீக்கிரம் படுத்துவிடும். தயாரிப்புத் தேதி ஆறு மாதத்துக்கு மேல் பழையதென்றால் வேறு கேளுங்கள். அட்டையில் எவ்வளவு மாதம் முழு மாற்று, எவ்வளவு மாதம் விலைக்கழிவு மட்டும் என்பது தனித்தனியாக இருக்கும், கடை முத்திரையும் வண்டி எண்ணும் விழுந்ததா என்று அங்கேயே பாருங்கள். மாட்டியதும் பிடிப்புக் கம்பியை இறுக்கச் சொல்லுங்கள். மலைச்சாலையில் குதிக்கும் பேட்டரிக்குள் தகடு உதிரும்.

பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. தெருவில் வரும் பழைய இரும்புக்காரருக்கு இரண்டு நூறு அதிகம் கிடைக்கிறது என்று கொடுத்தால், ஆசிட் ஏதாவது ஓடையில் கொட்டப்பட்டு, ஈயம் குழந்தைகள் விளையாடும் இடத்திலேயே உருக்கப்படலாம். கடைக்கு எடுத்துப் போகும்போது டிக்கியில் பழைய சாக்கை விரித்து, சாயாமல் நிமிர்த்தி வையுங்கள்.